கட்டத்தாளும் கணிப்பொறியும்: இளம்பிள்ளைத் தறியிலிருந்து காணும் படத்திருத்த வரலாறு

தோற்றுவாய்

உருவம் என்பது புள்ளிகளின் கூட்டம். இவ்வுண்மையைக் கணிப்பொறியியலார் எடுத்துரைப்பதற்கு நெடுங்காலம் முன்பே தமிழகத்துப் பெண்கள் தம் வாசலில் எழுதிக் காட்டியிருந்தனர். எண்ணி வைத்த புள்ளிகளில் ஒன்று பிசகினாலும் கோலம் முழுவதும் கெடும் என்பது சிறுமியரும் அறிந்த பாடம். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கோலங்கள் உருவாகும் முறையைக் கணிப்பொறி இலக்கண விதிகளைக் கொண்டு விளக்கியது. படங்களையும் மொழியைப் போலவே இலக்கணத்துக்கு உட்படுத்தலாம் என்ற சிந்தனைக்குத் தமிழ் மண்ணிலிருந்து கிடைத்த பங்களிப்பு அது.

வாசலில் புள்ளியைக் கண்ட அதே அறிவைத் தறியில் நூலாகக் கையாண்டவர் நெசவாளர். இன்று வீட்டுக் கணிப்பொறியில் குறைந்த விலைக்கோ, விலையின்றியோ கிடைக்கும் படத்திருத்த மென்பொருள்களின் வரலாற்றை எழுதுவோர் ஒளிப்படக் கருவியிலிருந்தும் அமெரிக்க நிறுவனங்களிலிருந்தும் தொடங்குவது வழக்கம். அவ்வரலாற்றின் ஆழமான வேர் ஒன்று தறியில் இருக்கிறது. இளம்பிள்ளை போன்ற நெசவூரில் நின்று நோக்கும்போது அவ்வேர் தெளிவாகத் தெரிகிறது. அதனோடு, அந்த மென்பொருள்கள் நமக்கு எதைக் கொடுத்தன, எதைக் கேட்காமலே எடுத்துச் சென்றன என்ற கணக்கும் தெளிவாகிறது.

இளம்பிள்ளையும் கட்டத்தாளும்

சேலத்திற்கு மேற்கே, கஞ்சமலையை அடுத்து அமைந்த பேரூர் இளம்பிள்ளை. இடங்கணசாலை, காகாபாளையம், வேம்படிதாளம் முதலிய சுற்றூர்களோடு சேர்ந்து இப்பகுதி சேலை நெசவால் பெயர் பெற்றது. 'இளம்பிள்ளைச் சேலை' என்றே வணிகர் கேட்டு வாங்கும் அளவிற்கு ஊர்ப்பெயரே சரக்கின் பெயராயிற்று. கைத்தறி ஓசை நிறைந்திருந்த தெருக்களில் விசைத்தறியின் ஓசை மேலோங்கியது பின்னர் வந்த மாற்றம். எத்தறியாயினும், கரையிலும் முந்தானையிலும் பூவும் கொடியும் எழ வேண்டுமானால் தறிக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டி வேண்டும். அப்பெட்டிக்கு அட்டை வேண்டும். அட்டைக்குக் கட்டத்தாள் வேண்டும்.

கட்டத்தாளின் செயல்முறை இங்கு விளக்கத்தக்கது. வரைந்த பூவைக் கட்டம் போட்ட தாளில் பெயர்த்தெழுத வேண்டும். நெடுக்குக் கட்டம் ஒவ்வொன்றும் பாவின் ஓரிழை அல்லது ஒரு தொகுதி இழைகள். குறுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஊடையின் ஓரோட்டம். வண்ணம் தீட்டிய கட்டத்தில் அட்டையில் துளை விழும். துளை உள்ள இடத்தில் கொக்கி மேலெழும். கொக்கியோடு பாவிழையும் எழும். ஊடையின் ஓரோட்டத்திற்கு ஓரட்டை. 240 கொக்கிப் பெட்டியில் 300 அட்டை கொண்ட கோலம் ஒன்றை எழுத வேண்டுமானால், 72,000 கட்டங்களைப் பற்றி ஒருவர் முடிவு செய்ய வேண்டும். தீட்டுவதா, விடுவதா என்ற கேள்வி 72,000 முறை எழுகிறது.

அக்கேள்விக்குக் கண்ணின் அழகுணர்வு மட்டும் விடையளிக்க இயலாது. ஊடைநூல் பல இழைகளைத் தாண்டி நீளமாக மிதந்தால் வளையலில் சிக்கி அறுந்துவிடும். ஆகவே இடையிடையே ஒரு புள்ளி வைத்து நூலைப் பிணைக்க வேண்டும். கட்டத்தாள் எழுதுவோர் ஓவியரும் ஆவர், கணக்கரும் ஆவர். அவர் வைத்த ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நூல் விடை சொல்லியது. பிழை நேர்ந்தால் அட்டை பாழ். அட்டை பாழானது தெரியாமல் தறி ஓடினால் சேலை பாழ்.

லியோன் நகரத் தறியும் கணிப்பொறியும்

இவ்வட்டையின் பிறப்பிடம் பிரெஞ்சு நாட்டின் பட்டு நகரமாகிய லியோன். முன்னோர் சிலர் செய்த முயற்சிகளைச் செம்மைப்படுத்தி ஜோசப் மாரி ஜக்கார்டு 1804இல் தம் கருவிக்கு உரிமம் பெற்றார். அதற்கு முன், கோலத்திற்குரிய இழைகளைக் கயிறு கட்டி இழுத்துத் தூக்குவதற்கென்றே நெசவாளர்க்கு உதவியாள் ஒருவர் வேண்டியிருந்தது. காஞ்சிபுரத்தில் 'அடை' கட்டி நெய்த பழைய முறையும் அத்தகையதே. ஜக்கார்டு அட்டை அந்த உதவியாளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கருவி ஒன்று வரும்போது ஒரு கை விலகுவது இவ்வரலாறு நெடுகிலும் காணும் செய்தி.

1839இல் லியோனில் ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று பட்டில் நெய்யப்பட்டது. அதற்குத் தேவைப்பட்ட அட்டைகள் ஏறத்தாழ 24,000. பார்த்தோர் பலர் அதனைச் செதுக்கச்சுப் படம் என்றே மயங்கினர். அப்படத்தின் படி ஒன்றை ஆங்கிலக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தம் இல்லத்தில் வைத்திருந்து விருந்தினர்க்குக் காட்டுவார். அவர் திட்டமிட்ட பகுப்புப் பொறி ஜக்கார்டு அட்டைகளாலேயே இயங்குவதாக அமைந்திருந்தது. அப்பொறியைப் பற்றி 1843இல் விரிவான குறிப்புகள் எழுதி, அதனை ஜக்கார்டுத் தறியோடு ஒப்பிட்டு விளக்கியவர் கவிஞர் பைரனின் மகள் ஏடா லவ்லேஸ். துளையட்டையால் 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைத் தொகுக்கும் பொறியை அமைத்தவர் ஹெர்மன் ஹாலரித். நெசவாளரின் அட்டை இவ்வாறு கணக்கரின் அட்டையாகி, இருபதாம் நூற்றாண்டுக் கணிப்பொறிக்குள் புகுந்தது.

நிழற்பட நிலையத்தின் பென்சில்

படத்தைத் திருத்தும் ஆசை கணிப்பொறியோடு தோன்றியதன்று. தமிழகத்து நிழற்பட நிலையங்களில் எதிர்மறைப் படச்சுருளின்மீது கூரிய பென்சிலால் திருத்தம் செய்வோர் இருந்தனர். அம்மைத் தழும்பு மறையும். கண்ணடியில் படிந்த கருமை மெலியும். கறுப்பு வெள்ளைப் படத்திற்குத் தூரிகையால் வண்ணம் ஏற்றுவோரும் இருந்தனர். மறைந்த தந்தையின் தனிப்படத்தை வெட்டிக் குடும்பப் படத்தில் சேர்த்து, மீண்டும் படமெடுத்துக் கொடுப்பதும் உண்டு. துயருற்ற வீட்டிற்கு அது ஆறுதல். அதைச் செய்தவர் ஏமாற்றுக்காரர் அல்லர். ஆனால் அக்கை அறிந்த சிலரிடம் மட்டுமே இருந்தது. அதற்குக் காலமும் கூலியும் ஆயின.

அதே கை அதிகாரத்தின் ஏவலுக்கும் பணிந்தது உண்டு. சோவியத் நாட்டில் மாஸ்கோ–வோல்கா கால்வாய்க் கரையில் ஸ்டாலினோடு நின்றிருந்த யெஷோவ், ஆட்சியின் சினத்திற்கு ஆளானபின் அப்படத்திலிருந்தே அகற்றப்பட்டார். அவர் நின்ற இடத்தில் கால்வாய் நீர் தீட்டப்பட்டது.

எட்டாத விலையிலிருந்து எளிய விலைக்கு

1957இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் தம் மூன்று மாதக் குழந்தையின் படத்தைக் கணிப்பொறிக்குள் செலுத்தினார். அப்படத்தின் அளவு 176க்கு 176 புள்ளிகள். கட்டத்தாள் எழுதுவோர் எவர்க்கும் அவ்வமைப்பு புதிதாகத் தோன்றியிராது.

இதனினும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. 1968இல் இஸ்ரேலில் எஃபி அராசி தொடங்கிய சைடெக்ஸ் நிறுவனம் தன் தொடக்க காலத்தில் உருவாக்கியது துணிக்கோலங்களை வடிவமைக்கும் கணிப்பொறி அமைப்பு. பின்னரே அந்நிறுவனம் அச்சுத்துறைக்குரிய வண்ணப்படத் திருத்தப் பொறிகளுக்கு வந்தது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாக்ரபிக் இதழ், கிடைவாட்டில் எடுத்த எகிப்தியப் பிரமிடுகளின் படத்தை நெடுவாட்டு அட்டைக்குப் பொருத்துவதற்காக ஒரு பிரமிடை மற்றொன்றை நோக்கி நகர்த்தியது. கணிப்பொறிப் படத்திருத்தம் உலகெங்கும் கண்டனத்திற்கு உள்ளான தொடக்க நிகழ்ச்சிகளுள் அது ஒன்று. நகர்த்திய பொறி சைடெக்ஸ். துணிக்கோலத்தில் பயின்ற பொறியே பிரமிடையும் நகர்த்தியது எனலாம்.

அத்தகைய பொறிகள் பெரிய அச்சகங்களுக்கே எட்டுவன. அவற்றின் ஆற்றலை மேசைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தோர் தாமஸ் நால், ஜான் நால் என்ற உடன்பிறந்தார் இருவர். 1987இல் தாமஸ் எழுதத் தொடங்கிய நிரல், அடோபி நிறுவனத்தின் வழியே 1990 பிப்ரவரியில் போட்டோஷாப் என்ற பெயரில் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கு வெளிவந்தது. 1993இல் அது விண்டோஸ் கணிப்பொறிக்கும் வந்தது. ஆனால் பல நூறு டாலர் விலை வீட்டுப் பயனாளர்க்கு எட்டாக்கனி.

எட்டும் கனிகள் வேறிடத்திலிருந்து வந்தன. விண்டோஸுடனேயே கிடைத்த பெயின்ட் விலையற்றது, எளிமையானது. ராபர்ட் வோய்ட் என்னும் அமெரிக்க விமான ஓட்டி எழுதிய பெயின்ட் ஷாப் புரோ, முதலில் பயன்படுத்திப் பார்த்துப் பிடித்திருந்தால் விலை செலுத்தும் முறையில் 1990களில் பரவியது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து மாணவர் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் இருவரும் 1995இல் தொடங்கி 1996இல் வெளியிட்ட கிம்ப், எவரும் எடுத்தாளவும் திருத்தவும் உரிமை தந்த கட்டற்ற மென்பொருள். அடோபியும் தன் பங்கிற்கு 2001இல் எலிமென்ட்ஸ் என்ற மலிவுப் பதிப்பைக் கொணர்ந்தது. 2004இல் கூகுள் வாங்கி இலவசமாக வழங்கிய பிக்காசா 2016 வரை வீட்டுப் படத்தொகுப்புகளுக்குத் துணை நின்றது.

பயனாளரின் பட்டறிவு

நெசவுக்கோலம் எழுதுவோர் இம்மென்பொருள்களைக் கையாளத் தொடங்கியபோது சந்தித்த இடர்கள், ஒளிப்படக்காரர் சந்தித்தவற்றினின்றும் வேறுபட்டவை. முதலாவது, வட்டம் முட்டையாயிற்று. திரையின் புள்ளி சதுரம். தறியில் ஓர் அங்குலத்திற்குரிய பாவிழைகளின் எண்ணிக்கையும் ஊடையிழைகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. கட்டத்தாளில் இந்த வேறுபாட்டிற்கு ஏற்பவே கட்டங்கள் அச்சிடப்பட்டிருந்தன. திரையில் அதனைக் கணக்கிட்டு உருவத்தை முன்கூட்டியே நீட்டவோ சுருக்கவோ வேண்டியிருந்தது.

இரண்டாவது, விளிம்பு மங்கியது. ஒளிப்படத்திற்கென எழுந்த மென்பொருள், கோட்டின் விளிம்பை மென்மையாக்குவதற்காக இடைநிறப் புள்ளிகளைத் தானே தூவும். கண்ணுக்கு இனிய அவ்விடைநிறத்திற்கு ஈடான நூல் தறியில் இல்லை. அரைத்துளை இட்ட அட்டை உண்டோ? ஆகவே மென்மைப்படுத்தும் வசதியை நிறுத்தி, நிறங்களை இரண்டாகவும் நான்காகவும் குறைத்து, எஞ்சிய அழுக்குப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டியிருந்தது. படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் வடிவமும் இதே தொல்லையைத் தந்தது. ஒவ்வொரு புள்ளியையும் உள்ளபடி காக்கும் பிட்மேப் வடிவமே தறிக்கு உகந்ததென்பதைப் பயன்பாடு உணர்த்தியது. விலையுயர்ந்த மென்பொருளின் பல வசதிகளை அணைத்துவிட்டு, எளிய பெயின்ட் செய்யும் வேலையையே அதில் செய்ய நேர்ந்தது வியப்புக்குரியது.

மூன்றாவது, திரையின் நிறம் ஒளியால் ஆனது. நூலின் நிறம் சாயத்தால் ஆனது. திரையில் ஒளிர்ந்த மயில்கழுத்து வண்ணம் தறியில் அவ்வண்ணமே இறங்குவதில்லை. பழைய நூல் மாதிரிச் சீட்டு கணிப்பொறியின் அருகிலேயே இருக்க வேண்டியதாயிற்று.

பொதுவான இடர்களும் உண்டு. தொடக்கப் பதிப்புகளில் இறுதியாகச் செய்த ஒரு செயலை மட்டுமே மீட்கலாம். பல படிகள் பின்னோக்கிச் செல்லும் வசதி போட்டோஷாப்பில் 1998இல்தான் வந்தது. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டு, சேமிக்காத உழைப்பைச் சொல்லாமல் கொண்டுபோயிற்று. தமிழ் எழுத்துகளைப் படத்தில் பொறிப்பதும் நெடுங்காலம் துன்பமாகவே இருந்தது. ஒருங்குறித் தமிழை அறியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்கு முன் நிற்காமல் பின்னே நின்றது. கவிதை நூலுக்கு அட்டை அமைத்தோரும் இலக்கிய விழாவிற்கு அழைப்பிதழ் அமைத்தோரும், பழைய குறியாக்க எழுத்துருக்களைக் கைவிட இயலாமல் வைத்திருந்ததற்கு இதுவே காரணம்.

சட்டத்தின் நோக்கு

மென்பொருளின் விலைக்கும் வாங்குவோரின் வருவாய்க்கும் இடையிலிருந்த பள்ளத்தை உரிமமற்ற படிகள் நிரப்பின என்பதை வரலாறு மறைக்கலாகாது. பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்யப்பட்டு 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தம், உரிமமற்ற படி என்று அறிந்தே பயன்படுத்துவதையும் குற்றமாக்கியது. இலக்கிய அன்பர்கள் கருதத்தக்க செய்தி மற்றொன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில், கணிப்பொறி நிரல் 'இலக்கியப் படைப்பு' என்னும் சொல்லின் பொருளுக்குள் அடங்கும். கவிதையும் கிம்பும் சட்டத்தின் கண்ணில் ஒரே இனம். தம் கவிதை பெயரின்றி எடுத்தாளப்படும்போது வருந்தும் உரிமை கவிஞர்க்கு உண்டெனில், நிரல் எழுதியோர்க்கும் அது உண்டு. கட்டற்ற மென்பொருள்களின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. வறியோரைக் குற்றத்திற்குத் தள்ளாமல் கருவியைக் கையில் தந்தவை அவை.

இழந்ததும் பெற்றதும்

கட்டத்தாளில் பல நாள் எழுதிய கோலம் திரையில் விரைந்து முடிகிறது. மின்னணு ஜக்கார்டு அட்டையையே வேண்டாததாக்கியது. அத்தகைய முதல் வெற்றிகரமான பொறி 1983இல் மிலான் கண்காட்சியில் போனஸ் நிறுவனத்தால் காட்டப்பட்டது. பொறி மாறிய தறிகளில், அட்டை குத்துவோர், அட்டைகளை நூலால் கோப்போர், கட்டத்தாள் எழுதுவோர் ஆகியோரின் தொழில் சுருங்கியது. லியோனில் கயிறு இழுத்த உதவியாளுக்கு நேர்ந்ததே மீண்டும் நேர்ந்தது.

பெற்றதும் சிறிதன்று. சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற கல்விக்கூடங்களை எட்ட இயலாதோரும் வீட்டிலிருந்தே கோலம் அமைக்க வழி பிறந்தது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய மாணவர்க்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம், கணிப்பொறியை விலை கொடுத்து வாங்க இயலாத குடும்பங்களின் வீட்டிற்குள் அதைக் கொண்டு சேர்த்தது.

ஆயினும் எளிதாகப் படைக்கும் கருவி எளிதாகக் கவரும் கருவியும் ஆகும். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் சேலையைக் கைப்பேசியில் படமெடுத்து, நிறங்களைக் குறைத்து, கோலத்தைப் பிரித்தெடுப்பது இன்று அரிதன்று. ஒருவர் சிந்தித்து அமைத்த முந்தானை, மற்றொருவர் தறியில் குறைந்த விலையில் இறங்கிவிடும். சிலவகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டமும், பதிவு செய்த வடிவமைப்பிற்குப் பத்தாண்டும் நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் காப்பளிக்கும் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டமும் உள்ளன. வாரத்திற்கொரு கோலம் மாறும் சந்தையில் சிறு நெசவாளர்க்கு அக்காப்பு எட்டுவது அருமை. கட்டத்தாளில் அமைத்தவரின் கைவரிசை தெரியும். பிட்மேப்பில் அது தெரியாது.

மூலமும் பாடபேதமும்

இவ்வரலாறு இலக்கிய வட்டங்களுக்கு அயலானதன்று. விழா மலர்களிலும் நூலட்டைகளிலும் படத்திருத்தம் நாளும் நிகழ்கிறது. பாரதியாரின் புகைப்படங்களாகக் கிடைப்பவை மிகச் சில. அவை கறுப்பு வெள்ளை. அவருடைய தலைப்பாகையின் நிறத்தை எந்தப் படமும் பதிவு செய்யவில்லை. ஆயினும் அட்டைகளில் அது வெள்ளையாகவும் சிவப்பாகவும் வருகிறது. ஆர்யா என்ற பாஷ்யம் வரைந்தது போன்ற ஓவியம் தன்னை ஓவியம் என்றே அறிவித்துக்கொள்கிறது. கணிப்பொறியில் வண்ணம் ஏற்றிய புகைப்படமோ தன்னைச் சான்று என்று அறிவித்துக்கொள்கிறது. இடர் அங்கேதான் தொடங்குகிறது. கேட்ட பொருளைத் தானே வரைந்து நிரப்பும் செயற்கை அறிவு வசதி 2023இல் போட்டோஷாப்பிற்குள்ளேயே வந்துவிட்டது. பழைய இலக்கிய மாநாட்டுப் படத்திலிருந்து ஒருவரை நீக்கவோ, வராத ஒருவரைச் சேர்க்கவோ இன்று பென்சில் பயிற்சியும் வேண்டா. யெஷோவை நீக்கியதற்கு ஓர் அரசு தேவைப்பட்டது; இன்று ஒரு மாலைப்பொழுது போதும். நீதிமன்றம் மின்னணுப் படத்தைச் சான்றிதழின்றி ஏற்பதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியமும் அதனையே வலியுறுத்துகிறது. ஆனால் இலக்கிய வரலாறு நீதிமன்றத்தில் எழுதப்படுவதன்று. அது மலர்களிலும் இதழ்களிலும் எழுதப்படுகிறது.

இதற்குரிய நெறியைத் தமிழர் வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஏடுகளில் கண்ட வேறுபாடுகளை மறைத்துவிடாமல் பாடபேதங்களாகக் குறித்தார். தாம் ஏற்ற பாடம் இது, ஏட்டில் கண்ட பிற பாடங்கள் இவை என்று வாசகர் முன் வைத்த நேர்மையாலேயே அப்பதிப்புகள் நிலைபெற்றன. திருத்துவது குற்றமன்று; திருத்தியதைச் சொல்லாதிருப்பதே குற்றம். மூலப்படத்தைத் தொடாமல் தனியே காத்து, திருத்திய படியை வேறாக வைத்து, வண்ணம் ஏற்றியதாயின் ஏற்றியது, நீக்கியதாயின் நீக்கியது என்று படத்தின்கீழ் ஒரு வரி எழுதுவதற்கு விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை.

இளம்பிள்ளைத் தறிக்காரர் பழைய அட்டைக் கட்டுகளை உத்தரத்தில் தொங்கவிட்டு வைப்பது வழக்கம். கோலம் வழக்கொழிந்தாலும் கட்டு அப்படியே இருக்கும். என்றேனும் அக்கோலத்தை மீண்டும் நெய்ய வேண்டின், முதல் அட்டையிலிருந்து இறுதி அட்டை வரை எந்தத் துளை எங்கே இருந்தது என்பதை அது சொல்லும்.